பாப்பாவுக்கு, கண்ணாடி அறைக் குளிர் பற்றி

அன்புள்ள பாப்பா,

கன்சர்வேட்டரியில் (வீட்டோடு ஒட்டிய அந்தக் கண்ணாடி அறையில்) ஹீட்டர் ஓடியும் கால் சில்லிடுகிறது என்று எழுதியிருந்தாய். கணக்கைப் பார். உள்ளே 20 டிகிரி, வெளியே 5 என்று வைத்துக்கொள். 12 சதுர மீட்டர் கூரையில் இருப்பது 10 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட் (உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு) என்றால் சுமார் 540 வாட் மேலே போய்விடும், 25 மி.மீ. என்றால் 290. சுற்றிலும் 14 சதுர மீட்டர் பழைய இரட்டைக் கண்ணாடி இருந்தால் இன்னொரு 590. இடுக்குக் காற்று இதில் சேரவில்லை. 2 கிலோவாட் ஹீட்டர் 5 மணி நேரம் விடாமல் ஓடினால் 10 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்றாலும் தினம் இரண்டரை பவுண்டு.

வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவிலுள்ள கதவைக் கழற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை நினைத்தால் தயவுசெய்து தடுத்துவிடு. வீட்டுச் சூடு முழுவதும் அந்த வழியே போகும். இங்கிலாந்துக் கட்டட விதியிலிருந்து கன்சர்வேட்டரிக்கு உள்ள விலக்கும், அந்தக் கதவு இருக்க வேண்டும், வீட்டு ஹீட்டிங்கை அங்கே நீட்டக் கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் வருகிறது. வெயில் அடிக்கும் குளிர்கால மதியத்தில் மட்டும் கதவைத் திறந்து வை, இலவசச் சூடு வீட்டுக்குள் வரும். வெயில் இறங்குமுன் சாத்திவிடு.

இடுக்குக் காற்று எங்கே வருகிறது என்று பார்க்க, காற்று பலமாக வீசும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஜன்னல் ஓரங்களில் மெதுவாக நகர்த்து. புகை சாயும் இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வை. பெரும்பாலும் மூலைகள்தான்: ஜன்னலின் அடைப்பு ரப்பர் வருஷக்கணக்கில் சுருங்கி, மூலையில் இடைவெளி விட்டிருக்கும். பழைய ரப்பரில் 5 செ.மீ. வெட்டிக் கடைக்குக் கொண்டுபோ. வடிவம் அச்சாகப் பொருந்த வேண்டும். கனம் கூடினால் ஜன்னல் பூட்டாது. புது ரப்பரை இழுத்துப் பொருத்தவே கூடாது. இழுத்தது திரும்பச் சுருங்கி அதே இடைவெளியைத் திறக்கும். கொஞ்சம் நீளமாக வெட்டி, நெருக்கி அமுக்கு.

கூரைத் தகட்டின் குழல்களுக்குள் பச்சைப் பாசி தெரிகிறதா என்று பார். தெரிந்தால் குழல் முனைகளை மூடும் டேப் போய்விட்டது. மேல்முனைக்கு அடைப்பான அலுமினிய டேப், கீழ்முனைக்குக் காற்றுவிடும் டேப். இரண்டும் இடம் மாறினால் உள்ளே சேரும் நீருக்குக் கீழே வடிய வழியிருக்காது. தகட்டை மாற்றினால் மீட்டருக்கு 3 மி.மீ. விரிய இடம் விடச் சொல். இல்லாவிட்டால் வெயிலில் படபடவென்று சத்தம் போடும்.

கூரைக்கு அடியில் இன்சுலேஷன் (சூடு காக்கும்) பலகை அடித்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம்தான் மிகவும் கவனம் வேண்டும். உள்ளறையின் ஈரக் காற்று பலகை இணைப்புகள் வழியே ஏறி, சில்லென்ற தகட்டில் பட்டு நீராகும். அது மரச்சட்டத்தில் சொட்டி, வெளியே தெரியாமலே அழுகும். செய்வதென்றால் தகட்டுக்குக் கீழே 50 மி.மீ. காற்றோட்ட இடைவெளி, பலகை இணைப்புகள் எல்லாவற்றிலும் ஃபாயில் டேப், அறைப் பக்கம் துளையில்லாத ஈரத்தடைத் தாள். கூரையில் பதிக்கும் விளக்குகள் அந்தத் தாளில் துளை போடும், அவை வேண்டாம். தகட்டுக்குப் பதில் ஓடு போட்ட கூரை என்றால் கட்டட அனுமதியும் கூரையைத் தாங்கும் சட்டகத்தின் வலுவுக்குக் கணக்கும் வேண்டும். பாலிகார்பனேட் சதுர மீட்டருக்கு அதிகம் போனால் நான்கு கிலோதான். சட்டகம் அந்த எடைக்கென்றே அமைந்திருக்கலாம்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மங்கலாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும், ஜன்னல் சட்டகம் அப்படியே இருக்கட்டும். ஜன்னலில் தரையிலிருந்து 800 மி.மீ.க்குக் கீழே வருவது டஃபன்ட் போன்ற, உடைந்தாலும் கூராகச் சிதறாத பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். ஈரத்துணியை அந்த அறையில் காயப்போடாதே, காற்றில் ஈரம் கூடும்.

கூரைத் தகட்டின் கனத்தை ஓரத்தில் அளந்து எழுது. மூலை ரப்பரைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. மற்றதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா