இரத்தசோகைக்குக் காரணம் அலட்சியமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மகளிர் பக்கத்தில் கர்ப்பகால உணவு குறித்து வெளியான கட்டுரையை முழுவதுமாகப் படித்தேன். பேரீச்சை, மாதுளை, முருங்கைக்கீரை என்று நல்லவற்றைச் சொல்லிக்கொண்டே வந்த கட்டுரையாளர், கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரத்தசோகை வருவதற்கு அவர்களுடைய அலட்சியமே காரணம் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். பல்லடம், திருப்பூர் சுற்று வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரிக்குப் பதில் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை செவ்வாய்க்கிழமை நடப்பதும், பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம் தருவதும் தாங்கள் அறியாதவை அல்ல. தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்துவந்த ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியிடம் ஏன் பரிசோதனைக்கு வரவில்லை என்று கேட்டேன். "செவ்வாக்கெழம வந்தா ஒன்றரை ஷிப்ட் சம்பளம் போயிருமுங்க நர்சம்மா, வீட்டு வாடகைக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதைக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் சாப்பிட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. வேலைக்கு நடுவே மாத்திரையை வாயில் போட அவர்களுக்குக் கிடைப்பதோ டீ நேரம் மட்டும்தான். கையில் டீ டம்ளரும் பன்னும், முந்தானையில் முடிந்து வைத்த மாத்திரையுமாக நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்கு அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் பலர். அதனால் சிறுநீர்த் தொற்று வரும். கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவம் வரை அது கொண்டுபோய் விடும். இதற்கெல்லாம் மாதுளம்பழத்தில் மருந்து இல்லை.

தமிழ்நாட்டில் பிரசவங்கள் அநேகமாக முழுவதும் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இதே தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு இரத்தசோகை. ஏறத்தாழப் பாதிப் பேரும் அலட்சியக்காரர்களா?

நான் பிள்ளை பெற்றபோது அரசு ஊழியை என்பதால் முழுச் சம்பளத்துடன் விடுப்பு கிடைத்தது. இன்றைய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதங்கள் கிடைக்கின்றன, மனமார மகிழ்கிறேன். தனியார் நிறுவனப் பெண்களுக்கும் 2017-இலிருந்து முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்துடன் 26 வாரங்கள் உண்டு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு முறை இடைவேளை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காண்டிராக்டரிடம் உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டுக்கு வேலை செய்து, எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாதவளுக்கு இதில் எது கிடைக்கிறது? பிரசவித்த மூன்றாம் மாதம் குழந்தையைத் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கொண்டுபோய்ப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து, பால் கட்டி, காய்ச்சலோடு மெஷினில் உட்கார்ந்த பெண்களுக்கு நான் மருந்து கொடுத்திருக்கிறேன். அங்கே ஊரில் அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் கலந்த பாக்கெட் பால். வயிற்றுப்போக்கு வந்தால் அதற்கும் தாயின் அலட்சியமே காரணம் என்று எழுதுவீர்களோ என்று அஞ்சுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் மகளிர் பக்கத்தில் வரும் கர்ப்பிணி எப்போதும் சோபாவில் சாய்ந்து பழத்தட்டுடன் இருக்கிறாள். சென்ற ஆண்டு வளைகாப்புப் புகைப்படங்களுக்கே ஒரு பக்கம் முழுவதையும் ஒதுக்கினீர்கள். எங்கள் பெண்கள் தங்கள் நாளிதழில் இடம்பெறுவது பிரசவத்தில் இறந்தால்தான். அதுவும் மாவட்டச் செய்திகளில் நான்கு வரி. நெடுங்கால வாசகி என்ற உரிமையில் இதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.

என் வேண்டுகோள் சிறியது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தொழிலாளி, முந்தைய இரண்டு ஆறு மாதப் பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால் 26 வாரப் பேறுகாலப் பணம் பெறத் தகுதியுடையவள் என்பதை அதே மகளிர் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாக வெளியிடுங்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கப்படுகிறதா என்று மாதந்தோறும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லி அதன் கீழே ஒரு வரி சேருங்கள். தொழிற்பேட்டைகளை ஒட்டிய சுகாதார நிலையங்களில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கர்ப்பிணிகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று தலையங்கத்தில் ஒரு முறை எழுதினால், அதிகாரிகள் என் போன்றோரின் மனுக்களைவிட அதை விரைவாகப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.