குரங்கணி மலையில் தீத்தடுப்புப் பதிவேட்டை ஊரறியத் திறந்துவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற எஸ்டேட் கணக்குப்பிள்ளை,
கொட்டகுடி ஊராட்சி, போடிநாயக்கனூர் வட்டம்.
(பெயர், கதவு எண், கைப்பேசி எண் இணைப்புத் தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தலைவர், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம்,
தேனி மாவட்டம்.

நாள்: 05.01.2026, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள்

பொருள்: காட்டுத்தீ ஒவ்வொன்றுக்கும் காரணத்தை உடனே ஆராய்ந்து எழுதிவைத்தல், தீத்தடுப்புக் கோடு வெட்டிய கணக்கைக் கிராம சபையில் வாசித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏலக்காய், காப்பித் தோட்டங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் செக்ரோல், அதாவது ஆள் வருகை, வேலைக் கணக்குப் புத்தகம், எழுதிப் பிழைத்தவன் நான். எத்தனை ஆள் வந்தார்கள், எந்த வேலைக்குப் போனார்கள், எவ்வளவு முடித்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதாவிட்டால் கூலி போட முடியாது. அந்தப் பழக்கத்தோடுதான் இந்த மனுவையும் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுருக்கமாக எழுதிய மனுக்கள் 'உரிய நடவடிக்கைக்காக' என்ற முத்திரையோடு மேசைக்கு மேசை ஊர்வலம் போவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

வரும் மார்ச் 11-ஆம் தேதியோடு குரங்கணித் தீ நடந்து எட்டு ஆண்டுகள் நிறைகின்றன. 2018-இல் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில், ஒத்தமரம் பகுதியில், காய்ந்த புல்லுக்குள் தீ அவர்களைச் சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். சிலர் மலையிலேயே, மற்றவர்கள் மதுரையிலும் சென்னையிலும் மருத்துவமனைகளில், நாட்கணக்கில் துடித்து. விமானப்படை ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து வந்தது. அதற்கு முன்பே, அன்று இரவே மலையேறியவர்களில் அடிவாரத்து ஆட்களும் உண்டு. கம்பளியை இரண்டு கம்பில் கட்டித் தூளியாக்கித் தூக்கிவந்தோம். நான் பிடித்த தூளியில் இருந்த பெண் வழிநெடுக மணி என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதற்கு மேல் அந்த இரவைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

விடிந்ததும் பழி தொடங்கிவிட்டது. அனுமதி இல்லாமல் போனார்கள் என்றது அரசுத் தரப்பு. சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போனோம் என்றார்கள் பிழைத்தவர்கள். சீட்டு மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் வழிக்கு, போனது கொழுக்குமலை வழிக்கு என்று அதற்கும் பதில் வந்தது. அரசின் அலட்சியம் என்றன எதிர்க்கட்சிகள். அப்போது எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரே துணை முதலமைச்சராகவும் இருந்தார். ஆகையால் பேச்சில் சூடு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மலையேற்றக் குழுவை நடத்தியவர்கள் மேல் வழக்கு வந்தது. வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இத்தனைக்கும் நடுவில், யாரும் உரக்கச் சொல்லாமல் எல்லோரும் நம்பிய ஒரு பேச்சும் உலவியது: ஆடு மாடு மேய்க்கிறவர்கள் புதுப்புல் முளைப்பதற்காக வைத்த தீதான் அது என்று. பிறகு பல மாதங்கள், போடி சந்தையில் கொட்டகுடி என்று ஊர்ப் பேரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறும்.

ஐயா, நான் ஊர்க்காரர்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதக் கையால்தான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்திலும் பீடித்துண்டை அணைக்காமல் போடுகிறவன் இருக்கிறான், தேனெடுக்கப் போய்த் தீப்பந்தத்தை விட்டுவிட்டு வருகிறவன் இருக்கிறான், புல்லுக்காகத் தீ வைக்கிறவனும் இருக்கிறான். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு வனச்சட்டத்திலேயே குற்றம். பிடித்துத் தண்டியுங்கள். ஆனால் பிடித்த பிறகு சொல்லுங்கள். பிடிக்காமலேயே ஒரு ஊரைக் குற்றவாளியாக்கும் வழக்கத்தைத்தான் மறுக்கிறேன்.

ஒரு பெருந்தீயைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. முதல் பொறி எங்கே விழுந்தது? விழுந்த பொறி ஏன் அணையாமல் மலையேறியது? அது ஏறிய நேரத்தில் மனிதர்கள் அந்தச் சரிவில் ஏன் இருந்தார்கள்? மூன்றுக்கும் மூன்று பதில், மூன்று பொறுப்பாளிகள். 2018-இல் நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு தரப்பும் தனக்கு வசதியான ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கீழே போட்டுவிட்டது. அரசுக்கு மூன்றாவது கேள்வி இனித்தது. எதிர்க்கட்சிக்கு அதே கேள்வியின் மறுபாதி. நகரத்துப் பத்திரிகைகளுக்கு முதல் கேள்வி. நடுவில் இருக்கும் இரண்டாவது கேள்விக்கு மேடை இல்லை. என்னைக் கேட்டால், எங்கள் மலையில் ஆளைக் கொல்வது அந்த இரண்டாவது கேள்விதான்.

காரணம் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சரிவுகளில் புல் ஆளுயரத்துக்கு வளர்கிறது. தை பிறந்ததும் காயத் தொடங்கி, மாசியில் வைக்கோலாக நிற்கிறது. பகல் வெயிலில் சரிவு சூடேற, பிற்பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசுகிறது. சமதரையில், காற்று இல்லாதபோது, புல்லில் பிடிக்கும் தீயிலிருந்து மனிதன் ஓடித் தப்பிவிடலாம். மேட்டில் அப்படியில்லை, தீயின் நாக்கு சரிவை ஒட்டிச் சாய்ந்து, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே ஏறும். சரிவு செங்குத்தாக ஆக வேகம் கூடும். கீழே இரண்டு ஆள் பச்சைத் தழையால் அடித்து அணைத்திருக்கக்கூடிய தீ, மேலே போனதும் யாராலும் எதிர்கொள்ள முடியாததாகிவிடுகிறது. அந்தக் கீழ்ப்பகுதியில் அதை நிறுத்துவதற்குத்தான் தீத்தடுப்புக் கோடு. நாங்கள் பயர் லைன் என்போம். தை மாதத்திலேயே புல்லை அடியோடு வெட்டி, சருகைக் கூட்டி, வெறும் மண் தெரியும்படி போடும் பாதை. ஒரு பருவ மழைக்குப் பின் அது மூடிவிடும்; ஆண்டுதோறும் புதிதாக வெட்டினால்தான் உண்டு.

தோட்டத்தில் இந்த வேலையை நான் செக்ரோலில் ஏற்றியிருக்கிறேன். எந்தக் காட்டு எல்லையில் தொடங்கி எந்த ஓடை வரை, எத்தனை ஆள், எத்தனை நாள். வெட்டாமல் கணக்கு எழுதினால் துரையோ மேனேஜரோ மறுநாள் நடந்தே பார்த்துவிடுவார். காட்டுக்குள் வெட்டிய கோட்டுக்கும் இப்படி ஒரு புத்தகம் இருக்கத்தானே வேண்டும் என்று எண்ணி, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. அங்கிருந்தவர் மாறுதலாகிப் போய்விட்டார். "உங்களுக்கு எதற்கு?" என்றார். இரண்டாம் முறை போனபோது, "அந்தத் தீயில் உங்கள் ஆட்கள் யாராவது மாட்டியிருக்கிறார்களா?" என்றார். மூன்றாம் முறை நான் போகவில்லை. கணக்குக் கேட்டவனைச் சந்தேகப்பட்டால் அடுத்தவன் கேட்க மாட்டான் என்பது எங்கள் தொழிலில் பழைய தந்திரம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். வருவாய், பேரிடர் மேலாண்மைத் துறையின் முதன்மைச் செயலாளராக இருந்த அதுல்ய மிஸ்ரா விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். சம்பவ இடத்துக்கு வந்தார், பலரிடம் கேட்டார், அறிக்கை கொடுத்தார். 2018-இலேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 வழிகளில் எங்கள் குரங்கணி–சாம்பலாறு வழியும் ஒன்று. இணையத்தில் பதிவு, உடன் வர உள்ளூர் வழிகாட்டி, தீக்காலத்தில் பாதை மூடல் என்று ஒழுங்காகத்தான் நடக்கிறது. எங்கள் பையன்கள் சிலருக்கு அதனால் கூலியும் கிடைக்கிறது. ஆனால் கவனியுங்கள்: இவையெல்லாம் மூன்றாவது கேள்விக்கான பதில். அடுத்த தீயில் மலையேற்றக்காரர் சிக்காமல் இருக்கலாம். சருகு பொறுக்கப் போகும் பெண்ணும், தீத்தடுப்புக் காவலராகத் தினக்கூலிக்குப் போகும் பையனும், மேலே குடியிருக்கும் முதுவாக்குடிக் குடும்பங்களும் இணையத்தில் பதிவு செய்துகொண்டு மலைக்குப் போகிறவர்கள் அல்லர்.

வேறு நாட்டுக் கதை ஒன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அங்கும் முதலில் பேசப்பட்டது தீ வைத்தவர்களைப் பற்றித்தான். மரம் வெட்டவிடாத பசுமைக்காரர்களால் வந்தது என்று ஒரு கூட்டம் சண்டை போட்டது. அரசு அமைத்த ஆணையம் மக்கள் முன்னிலையில் 155 நாட்கள் விசாரித்தது. தீ வைப்பும் நடந்திருக்கிறது என்று பதிவுசெய்தது. கூடவே, மிகுந்த உயிர்களைக் குடித்த கில்மோர் ஈஸ்ட் தீ, பழைய மின்கம்பி ஒன்று அறுந்து விழுந்ததால் தொடங்கியது என்பதையும் எழுதிவைத்தது. 67 பரிந்துரைகள் தந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, அந்தப் பரிந்துரைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்கவே அரசு தனியாக ஒருவரை நியமித்ததுதான். கணக்கை எழுதுகிறவன் ஒருவன், சரிபார்க்கிறவன் வேறொருவன். இது எங்கள் தோட்டத்திலேயே இருந்த நடைமுறை. இதற்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

இனி என் கோரிக்கைகள். 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் தாங்களே என்பதால் தங்களிடம் வைக்கிறேன்.

மாவட்டத்துக்குள் எங்கே காட்டுத்தீ வந்தாலும், அணைந்த மூன்று நாட்களுக்குள் வனத்துறை, வருவாய்த்துறை, தீயணைப்புத்துறை ஆட்கள் ஒருவர் வீதமும், ஊரிலிருந்து காடு தெரிந்த ஒரு பெரியவரும் சேர்ந்து பொறி விழுந்த இடத்தைத் தேடிப் பார்த்து எழுத வேண்டும். மலைப் பழங்குடிகளான பளியர், முதுவர் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் அவர்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது. தீ வந்த தடத்தைக் காடே காட்டிக்கொடுக்கும்: பாறையில் தீ எதிர்கொண்ட பக்கம் கருகியிருக்கும், மறைவுப் பக்கம் வெளுத்திருக்கும், புல்லின் அடிக்கட்டைகூடச் சாட்சி சொல்லும். ஆனால் ஒரே ஒரு கோடை மழை போதும், அத்தனை சாட்சியும் ஓடையோடு போய்விடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது வாய்ப்பேச்சு. மூன்று நாள் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான். காரணம் தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்றே எழுதட்டும். 'மர்ம நபர்கள்' என்ற சொல்லை அந்தத் தாளில் அனுமதிக்காதீர்கள். தெரியாததை அப்படி எழுதினால் அது ஊர்க்காரன் தலையில்தான் வந்து விழுகிறது.

தீத்தடுப்புக் கோட்டின் கணக்கு ஆண்டுதோறும் ஜனவரி 26 கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். எங்கிருந்து எங்கு வரை, என்ன அகலம், எந்தத் தேதிகளில், எத்தனை ஆள், அவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்றா. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. இதையும் அந்த வகையில் சேர்த்துவிட்டால் போதும். குடியரசு நாளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்குப் புல் பாதிதான் காய்ந்திருக்கும். வெட்டாத இடம் தெரிந்தால் வெட்டுவதற்கு இன்னும் நாள் இருக்கும். இந்த ஆண்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம், செயற்கைக்கோள் பார்த்த தீயைப் பற்றி எச்சரிக்கை அனுப்புகிறது. அது எங்கள் ஊராட்சிச் செயலருக்கும், ஜீப் ஓட்டுநர்களுக்கும், எங்கள் மலையிலுள்ள சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் பகுதிக் கடைக்காரர்களுக்கும் தமிழில் வர வழிசெய்ய வேண்டும். மலையில் முதலில் செய்தி போகும் வழி ஜீப்தான், ஐயா.

2018 விசாரணை அறிக்கையின் தமிழ்ப் பிரதி ஒன்றை எங்கள் ஊராட்சி அலுவலகத்தில், யாரும் உட்கார்ந்து படிக்கும்படி வைக்க வேண்டும். இறந்தவர்களின் குடும்பத்தார் யாராவது இங்கே வந்தால், தேநீர்க்கடையில் கேட்கும் கதைக்குப் பதிலாகக் கையில் கொடுக்க எங்களிடம் ஒரு தாளாவது இருக்கும்.

தேர்தல் நெருங்குகிறது. பங்குனி, சித்திரையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் குரங்கணி வரை ஏறும். குரங்கணியில் யார் ஆட்சியில் யார் செத்தார்கள் என்ற பேச்சு கட்டாயம் வரும். ஒருவேளை அதே வாரத்தில் மேலே புகையும் தெரியும். மேடைப் பேச்சை நிறுத்தச் சொல்லித் தங்களிடம் கேட்க முடியாது, கேட்கவும் இல்லை. அவர்கள் பேசி முடித்து இறங்கும்போது, எழுந்து நின்று வாசித்துக்காட்ட ஒரு பதிவேடு இந்த ஊரில் இருக்க வேண்டும். அது தங்கள் ஒரு கையெழுத்தில் நடக்கக்கூடிய வேலை.

இத்துடன் என் பழைய செக்ரோலிலிருந்து ஒரு பக்கத்தின் நகலை, தோட்டத்தின் பெயரை மறைத்து, படிவ மாதிரிக்காக இணைத்திருக்கிறேன். தை மாதம், பயர் லைன், பதினான்கு ஆள், ஆறு நாள், மேல் ஓடை முதல் எல்லைக்கல் வரை. ஓரத்தில் சிவப்பு மையில் இருப்பது மேனேஜரின் எழுத்து: 'நடந்து பார்த்தேன். எல்லைக்கல் அருகே இருபது அடி விட்டிருக்கிறது. நாளை முடிக்கவும்.'

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: 1. பெயர், முகவரித் தாள். 2. செக்ரோல் பக்க நகல். 3. ஊர்மக்கள் கையொப்பத் தாள்கள்.