ஒரே பக்கம் ஒதுங்கினால்

கானாடுகாத்தான்
ஐப்பசி 20

அன்புள்ள மெய்யப்பா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பிரித்துப் படிக்க உட்கார்ந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. வளவின் நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்ட, பித்தளை அண்டாவை இழுத்துப் போடச் சொல்லி மீனா கூப்பிட்டாள். இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பதில் தாமதமானதற்கு அண்டாதான் காரணம்.

தேனம்மை வந்த விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மேலே தூக்கியது, காபி அவள் மடியில் கொட்டியது, விமானி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். எதிரே ஆள் வந்தால் பக்கத்தில் ஒதுங்குவதுதானே, மேலே ஏன் போகணும் என்றும் கேட்டிருந்தாய். ஓய்வு பெற்று ஆறு வருஷத்தில் என் தொழிலைப் பற்றி ஒருத்தரும் இப்படி உருப்படியாகக் கேட்டதில்லை. எல்லோரும் விமானப் பணிப்பெண்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

எதிரே விமானம் வந்தால் மோதாமல் இருக்க விமானிக்கு வழி சொல்லும் கருவி ஒன்று எங்கள் விமானங்களில் இருக்கிறது. அதற்கு டீகாஸ் என்று பெயர். பக்கத்தில் வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரிடம், அதாவது கேட்டால் பதில் அனுப்பும் ரேடியோ பெட்டியிடம், ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வந்து சேர ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். உயரத்தை அந்த விமானமே சொல்லிவிடும். திசை மட்டும் குத்துமதிப்புதான். அதனால் இடது, வலது என்று அது சொல்லாது. ஏறு, இறங்கு, அவ்வளவுதான்.

முதலில் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று ஒரு குரல் வரும். அதற்கு விமானத்தைத் திருப்பக் கூடாது. தயாராக இரு என்று அர்த்தம். நெருக்கம் குறையவில்லை என்றால் 'கிளைம்ப், கிளைம்ப்' என்றோ 'டிசென்ட், டிசென்ட்' என்றோ வரும். இதை நாங்கள் ஆர்.ஏ. என்போம். உயரத்தைப் பொறுத்து, மோதலுக்கு 15 முதல் 35 நொடி இருக்கும்போது இது வரும். 5 நொடிக்குள் நம் கை அசைந்திருக்க வேண்டும்.

லெட்சுமணன் சாந்திக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் கட்டு நடையில் சாம்பார் வாளிக்காரனும் ரசவாளிக்காரனும் எதிரும் புதிருமாக வந்தார்கள். ஒருத்தன் சுவர்ப் பக்கம், ஒருத்தன் தூண் பக்கம் என்று கண்ணாலேயே பேசி முடித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து பெரிய சமையல்காரர், 'சுவர்ப் பக்கம் போடா!' என்று தூண் பக்கத்துக்காரனை அதட்டினார். அவனும் போனான். ரசம் மொத்தமும் உன் பட்டு வேட்டியில்.

இரண்டு விமானத்தின் கருவிகளும் அந்தப் பையன்களைப் போலத்தான் தமக்குள் பேசி முடித்துக்கொள்கின்றன. ஒன்று ஏறு என்று சொன்னால் மற்றது ஏறு என்று சொல்லவே சொல்லாது. நடுவில் தரையிலிருந்து வரும் குரலைக் கேட்டால் போச்சு. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியில் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே 36,000 அடியில் ஒரு ரஷ்ய டுபலேவ் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு போயிங்கும் நெருங்கின. சூரிச் கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒருவர் இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டுபலேவை இறங்கச் சொன்னார். கருவியோ ஏறச் சொன்னது. அது ஏறச் சொல்கிறது என்று துணை விமானி சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் தரைக் குரலைத்தான் கேட்டார்கள். போயிங் தன் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் போனார்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதற்கு 17 மாதம் முன்னால் ஜப்பானில் இரண்டு பெரிய விமானங்கள் இதே போலக் குழம்பி, கண்ணால் பார்த்துக் கடைசி நொடியில் தப்பியிருந்தன. அப்போதே விழித்திருக்கலாம்.

நம் நாட்டிலும் இந்தக் கருவி கட்டாயமானது சும்மா அல்ல. 1996 நவம்பர் 12-ல் ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதின, 349 பேர் போனார்கள். நான் அப்போது துணை விமானி. ஒரு வாரம் காக்பிட்டில் யாரும் சிரித்துப் பேசவில்லை.

இப்போது விதி தெளிவு. தரையிலிருக்கும் கண்ட்ரோலர் ஒன்று சொல்ல, ஆர்.ஏ. வேறு சொன்னால் ஆர்.ஏ.-வைத்தான் கேட்க வேண்டும். 'டீகாஸ் ஆர்.ஏ.' என்று ரேடியோவில் ஒரு தடவை சொன்னால் போதும், அபாயம் நீங்கியது என்று நாம் சொல்லும் வரை அவர் நமக்கு ஏறு, இறங்கு என்று உத்தரவு போடக் கூடாது. வருஷக்கணக்காகக் கண்ட்ரோலர் சொல் தட்டாமல் ஓட்டிய ஆளுக்கு அந்த ஒரு நொடி வலிக்கும், மெய்யப்பா. மாமனார் பேச்சை முதல் முதலாக மறுப்பது மாதிரி.

எனக்கு மூன்று தடவை வந்திருக்கிறது. இரண்டைச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. நாகபுரிக்கு மேலே சமமாகப் பறந்துகொண்டிருந்தோம். எங்களுக்கு 1,000 அடி கீழே நிற்க வேண்டிய விமானம் வேகமாக ஏறி வந்துகொண்டிருந்தது. அது நின்றுவிடும் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? 'கிளைம்ப்' என்றது. ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு இழுத்தேன். ஏற்றமானியில் பச்சைப் பட்டை ஒன்று வரும், முள்ளை அதில் கொண்டுபோய் வைத்தால் போதும். நிமிஷத்துக்கு 1,500 அடி. நான் பயத்தில் 3,500 இழுத்துவிட்டேன். முந்நூறு நானூறு அடி ஏறியிருந்தால் முடிந்திருக்கும், 1,100 அடி ஏறியிருந்தேன். எங்களுக்கு 2,000 அடி மேலே இன்னொரு விமானம் போய்க்கொண்டிருந்தது. 'கிளியர் ஆஃப் கான்ஃபிளிக்ட்' என்று குரல் வந்தபோது பக்கத்தில் இருந்த பையன், 'சார், கொஞ்சம் தளர்த்துங்க' என்றான். அவ்வளவு மெதுவாகச் சொன்னான். பின்னால் டிராலி சாய்ந்து ஒரு பணிப்பெண்ணுக்கு மணிக்கட்டு பிசகியது. கம்பெனி விசாரணையில் விதிப்படி நடந்தேன் என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். அவளுக்கு எழுத்து வேலை கொடுத்திருந்தார்கள், இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள்.

இப்போது வரும் சில ஏர்பஸ்களில் ஆட்டோபைலட்டே ஆர்.ஏ.-வைப் பறந்துவிடுகிறது. கை போய்விட்டதே என்று என் செட்டு ஆட்கள் புலம்புவார்கள். நான் புலம்ப மாட்டேன்.

தை மாதம் படைப்புக்கு வருகிறாயா, இல்லையா? பங்காளிகள் புள்ளிக் கணக்குக் கேட்கிறார்கள். தேனம்மையிடம், அந்த விமானி செய்தது சரிதான் என்று சொல். காபிக்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன்
வள்ளியப்பன்