வெயில் இருக்கிறது, விசிறி ஓடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சூரிய மின்சாரத்தில் இயங்கும் விமான நிலையங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொச்சியைப் பாராட்டியது நியாயமே. 2015 ஆகஸ்டில் 45 ஏக்கரில் 12 மெகாவாட் சோலார் நிலையத்தைத் திறந்து, முழுக்கச் சூரிய மின்சாரத்தை நம்பும் உலகின் முதல் விமான நிலையம் என்று அது பெயர் வாங்கியது. பலகைகளுக்கிடையே காய்கறிகூட விளைகிறது. ஆனால் இனி அங்கே மின்தடைக்கே இடமில்லை என்று கட்டுரையாளர் முடித்திருப்பதுதான் இடிக்கிறது.

என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் பேனல் இருக்கிறது. சித்திரை மாத நண்பகலில் தெருவுக்கு மின்சாரம் நின்றால் என் வீட்டு விசிறியும் நின்றுவிடும். மேலே வெயில் கொளுத்தும். கீழே நான் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. இது பழுதல்ல. வெளி மின்சாரம் நின்றதும், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பம் ஏறும் லைன்மேனை என் மாடி மின்சாரம் கொன்றுவிடும். முப்பது ஆண்டு மின்வாரியத்தில் உழைத்தவன் அந்த விதியைக் குறை சொல்ல மாட்டேன்.

கொச்சியிலும் அடிப்படை இதேதான். திறந்தபோது அங்கே பேட்டரிச் சேமிப்பு கிடையாது. பகலில் மிஞ்சுவதைக் கேரள மின்வாரியத்திடம் கொடுத்துவிட்டு இரவில் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. வாரியம்தான் வங்கி. ஆண்டுக் கணக்கில் வரவும் செலவும் நேராகலாம். வங்கி மூடிய நேரத்தில் பாஸ்புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மைக்ரோகிரிட், அதாவது ஓர் இடத்துக்கென்றே அமைத்த சிறு மின்வலை, வேறு ரகம். வெளி இணைப்பைத் துண்டித்துக்கொண்டு, மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் தானே பிடித்து நிறுத்தித் தனித்தீவாக ஓட அதனால் முடியும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் விமான நிலையம் 2021 ஜூலை முதல் இப்படித் தன் மின்சாரத்தில் ஓடுகிறது. ஐந்து எரிவாயு ஜெனரேட்டர்கள், பழைய குப்பைமேட்டின் மேல் சோலார் பலகைகள், எல்லாம் சேர்த்து சுமார் 23 மெகாவாட். ஊர் மின்சாரம் அங்கே அவசரத்துக்கு மட்டும். பெரும்பங்கு எரிவாயு என்பதால் அதைப் பசுமை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எரிய வேண்டிய நேரத்தில் விளக்கு எரியும்.

லண்டன் ஹீத்ரோவில் எரியவில்லை. 2025 மார்ச் 20 இரவு நார்த் ஹைட் துணை மின்நிலையத்தில் மின்மாற்றி தீப்பிடித்து, மறுநாள் பெரும்பகுதியும் விமான நிலையம் மூடிக் கிடந்தது. காரணம், பெரும்பாலும் மின்மாற்றியின் புஷ்ஷிங்குக்குள் (கம்பி உள்ளே நுழையும் இடத்தின் காப்பு உறை) புகுந்த ஈரம் என்று விசாரணை சொன்னது. 2018-லேயே எண்ணெய்ச் சோதனையில் ஈரம் தெரிந்திருக்கிறது. யாரும் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஹீத்ரோவுக்கு மின்சாரம் வரும் வழி ஒன்றல்ல, மூன்று. அவசர ஜெனரேட்டர்களும் ஓடின. ஆனால் அவை ஓடுபாதை விளக்கு போன்ற பாதுகாப்புத் தேவைகளுக்கானவை. முனையங்கள் முழுவதையும் தாங்குவதற்கு அல்ல. இணைப்பை மாற்றிப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி எழுப்பவே மணிக்கணக்கில் ஆனது.

மைக்ரோகிரிட் சகலரோக நிவாரணி என்றும் நினைத்துவிட வேண்டாம். 2017 டிசம்பரில் அட்லாண்டா விமான நிலையம் சுமார் 11 மணி நேரம் இருளில் கிடந்ததற்குக் காரணம், முதன்மைக் கேபிளும் மாற்றுக் கேபிளும் ஒரே சுரங்கத்தில் ஓடி, ஒரே தீயில் கருகியது. சொந்த மின்சாரம் இருந்தாலும் அந்தச் சுரங்கம் வழியாகத்தானே போயிருக்கும்? வெள்ளத்துக்கும் இது மருந்தல்ல. 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கொச்சியிலும் ஓடுபாதையே தண்ணீருக்குள் போனது.

சென்னைக்காகத் திட்டமிட்டிருக்கும் பரந்தூர் விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. எங்கே கட்டினாலும், வெளி மின்சாரம் முற்றிலும் நின்றால் முனையம் எத்தனை மணி நேரம் ஓடும் என்ற கேள்விக்கு ஒப்பந்தப்புள்ளியிலேயே விடை கேட்க வேண்டும். பின்னால் ஒட்டவைப்பது இரட்டைச் செலவு.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை ஒரு சோலார் விமான நிலையத்துக்குப் போனால் மெகாவாட் கணக்கோடு நிறுத்த வேண்டாம். "இப்போது மெயின் சுவிட்சை இறக்கினால் இங்கே எதெது எரியும்?" என்று பொறியாளரிடம் கேட்டு, அந்தப் பதிலையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்,
ஈரோடு