மூன்றாம் காலமும் வேலிப் பொட்டும்

வட்டக்கச்சி
மாசி, ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிவிட்டது. அருவி வெட்டு முடியும்வரை பேனையைத் தொட முடியவில்லை. வெட்டு மெசின் எங்கள் பக்கம் வருவதற்குள் ஒரு மழை பெய்துவிட்டது. ஈர நெல்லை றோட்டோரம் படங்கில் பரவிவிட்டு, மாடும் மோட்டார் சைக்கிளும் ஏறாமல் மூன்று நாள் காவல். விலையைப் பற்றித் தொடங்கினால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கும், விடு. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இப்போது ஒழுங்கையில் வருகிற ஆளை என்னைவிட முந்தி அவதான் கண்டுபிடிக்கிறா.

மகனுக்கு ஈடாகக் கிற்றாரை வேகமாக வாசிக்கப் போய்க் கை இறுகிவிட்டது, வயது போய்விட்டது என்று எழுதியிருந்தாய். வயதில் பழியைப் போடாதே. எனக்கும் அதே இடத்தில்தான் இத்தனை வருடமும் இறுகியது. தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 100 தட்டில், மூன்றாம் காலம், தட்டுக்கு நான்கு சுரம், அதாவது நொடிக்கு ஆறேழு சுரம். அதுவரை போகும். அதற்கு மேல் முழங்கை பூட்டிக்கொள்ளும். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைப் பிடித்துப் பிடித்துத்தான் கை கெட்டுவிட்டது என்று நான் நம்பியிருந்தேன்.

போன மாதம் தங்கச்சியின் மகள் என் வலக்கையைப் போனில் மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்துக் காட்டினாள். பார்க்க வெட்கமாக இருந்தது மச்சான். கம்பியை மீட்டும் அந்தச் சின்னத் தகடு, பிக், கம்பிகளுக்கிடையில் கலப்பை மாதிரி ஆழமாக இறங்கி நிற்கிறது. ஒரே கம்பியில் நிற்கும்வரை ஒரு குறையும் இல்லை. கீழும் மேலும் சீராகத்தான் போகிறது. அடுத்த கம்பிக்கு மாறும்போதுதான் கூத்து. புதைந்த பிக்கை வெளியே இழுத்து, ஒரு கம்பியைத் தாண்டிப் பாய்ந்து, அந்தப் பக்கம் தொப்பென்று விழுகிறேன். முழங்கை பூட்டுவது அந்தப் பாய்ச்சலுக்குத்தான். வேகத்துக்கு இல்லை.

இந்த ஆழத்தை நாம் எங்கே பழகினோம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. கோயிலில் முப்பது பிள்ளைகள் பாட, நடுவில் ஒரே ஒரு கிற்றார். சிரட்டைத் துண்டைச் சீமெந்தில் தேய்த்துச் செய்த பிக். மெல்லிய கம்பி அறுந்தால் சைக்கிள் பிறேக் கம்பியில் ஓர் இழையைப் பிரித்துக் கட்டினோம். (அது எந்தச் சுருதிக்கும் நிற்கவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன், நீதான் நின்றது என்பாய்.) பின்வாங்கில் இருக்கிறவருக்கும் கேட்க வேண்டும் என்று கம்பியைத் தோண்டி எடுத்தோம். 2002இல் பாதை திறந்து நல்ல பிக்கும் கம்பியும் வந்த பிறகும் கை தோண்டுவதை விடவில்லை.

சரி, இப்போது சரளி வரிசைக்கு வா. அந்த ஆரம்பப் பாடத்தின் ராகம் மாயாமாளவகௌளையை ஐந்தாம் கம்பியில் மூன்றாம் கட்டையிலிருந்து (ஃபிரெட்) பிடி. ச ரி க அந்தக் கம்பியில், ம ப த அடுத்ததில், நி ச அதற்கடுத்ததில். மூன்று, மூன்று, இரண்டு. கீழ், மேல் என்று பிசகாமல் மாறி மாறி அடித்தால் காந்தாரம் கீழடியில் முடியும். அப்போது பிக் இரண்டு கம்பிக்கும் நடுவில் நிற்கும். மத்திமத்துக்கு மேலடி வேண்டுமென்றால் அந்தக் கம்பியைத் தாண்டிப் போய், அப்பக்கமிருந்து மேலே வர வேண்டும். நம் பாய்ச்சல் அங்கேதான். அதைப் பாயாமல், கீழடி போன போக்கிலேயே அடுத்த கம்பியையும் கீழடியாகத் தள்ளிவிடு. கீழ் மேல் கீழ், கீழ் மேல் கீழ், கீழ் மேல். இதைத்தான் எக்கொனமி பிக்கிங் என்கிறார்கள். ஏறும்போது வெண்ணெய் மாதிரிப் போகும்.

இறங்கும்போதுதான் இது கைவிடும். த ப ம என்று வந்தால் மத்திமம் மறுபடியும் கீழடி, பிக் தடித்த கம்பிக்கு எதிர்ப்பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. இதில் மட்டும் ஒரு மாதம் போயிற்று. கடைசியில் செய்தது சின்ன வேலை. தைவதம் கீழ், பஞ்சமம் மேல், மத்திமத்தை அடிக்கவே இல்லை. இடக்கை விரல் பஞ்சமத்திலிருந்து எடுபடும்போது கம்பியை லேசாகக் கிள்ளிவிட்டால் அது தானாக ஒலிக்கும். கடைசியாக அடித்தது மேலடி, பிக் வெளியே நிற்கிறது, காந்தாரத்துக்கு நிதானமாகக் கீழே இறங்கலாம். கள்ளம் என்பாய். காதுக்குத் தெரிந்தால் சொல்லு.

மேலடியில் பிக் வெளியே நிற்பது தானாக நடக்காது. பிக்கைப் பிடிக்கும் பக்கம் நிலத்தைப் பார்த்துக் கொஞ்சம் சாய வேண்டும். அப்போது கீழடி உள்ளே போகும், மேலடி கம்பிகளை விட்டு வெளியே வரும். பெரியப்பாவின் வளவுக்கு மாங்காய்க்குப் போன காலத்தை நினைத்துப் பார். கிடுகு வேலியில் ஆள் நுழைகிற ஒரு பொட்டு, ஓட்டை, எங்கே இருக்கிறதென்று பார்த்துவைத்துவிட்டுத்தான் நான் உள்ளே போவேன். நீ மரத்தைப் பார்த்து ஓடுவாய். நாய் குரைத்ததும் நான் பொட்டால் வெளியே, நீ வேலியில் சாரத்தோடு.

முதலில் சத்தமும் வேகமும் சேரவே சேராது என்று எழுதத்தான் நினைத்தேன். பிறகு ஜாஸ் கிற்றார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை நினைத்து அந்தத் தாளைக் கிழித்தேன். 1928இல் வண்டி தீப்பிடித்து இடக்கையில் இரண்டு விரல் முடங்கிய மனிதர். அவர் வழியில் வாசிக்கும் ஜிப்சி ஜாஸ்காரர் ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபத்தை நிரப்புகிறார்கள், வேகமும் குறையவில்லை. கீழடியை ஓங்கிப் போடுகிறார்கள், பிக் அடுத்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்கிறது. புதிய கம்பிக்குப் போனால் முதல் அடி எப்போதும் கீழடி. மணிக்கட்டை வளைத்துப் பலகையைத் தொடாமல் தூக்கி வைத்திருப்பார்கள், மேலடி தானாக வெளியே வரும். ஆக நாம் உரத்து அடித்தது பிழையில்லை. உள்ளே போகிற அளவுக்கு வெளியே வரும் வழியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கிற்றார்காரர் டிக் டேலின் பழைய பதிவுகள் கிடைத்தால் மகனுக்குப் போட்டுக் காட்டு. தகப்பன் வழியில் லெபனான்காரர், இடக்கைக்காரர், மேளம் அடித்துப் பழகியவர். அந்த மேளக் கையைத்தான் ஒரே கம்பியில் கீழும் மேலுமாகக் கொண்டுவந்தார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தவில் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதா என்ன? மாண்டலின் ஸ்ரீனிவாசும் பிக்கால்தான் வாசித்தார். 45 வயதில் போய்விட்டார், அதை நினைத்தால் இன்றைக்கும் ஆற்றாமைதான்.

தவில் என்றதும் இன்னொன்று. நாம் எதையும் வாயால் ‘தகதிமி’ சொல்லியே பழகினோம். அதில் ஒவ்வொரு ‘த’வும் கீழடியில் விழும், ஆகவே மேலடி சோம்பேறியாகிவிட்டது. ‘தகிட’ சொல்லி வாசித்துப் பார். முதல் ‘தகிட’வின் ‘த’ கீழடி, அடுத்த ‘தகிட’வின் ‘த’ மேலடி. முதல் இரண்டு நாள் நொண்டும். ஒரு கம்பியில், மெட்ரோனோம் 60இல், பல் விளக்குகிற நேரம் போதும். கை இறுகினால் நிறுத்திவிடு, அதற்கு மேல் பழகினால் இறுக்கத்தைத்தான் பழகுவாய்.

இப்போது நான் 116இல் நிற்கிறேன். மருமகள் 130இல் நிற்கிறாள், சிரிப்பு வேறு.

நீ முதலில் உன் கையை வீடியோ எடுத்து அனுப்பு. முகம் வேண்டாம், வயிறும் வேண்டாம், வலக்கை மட்டும், பக்கவாட்டில். இங்கே யாராவது வந்தால் தடித்த பிக் நான்கைந்து கொடுத்துவிடு, ஒன்றரை மில்லிமீற்றர் அளவில். இங்கே கிடைப்பதெல்லாம் மெல்லியது, வேகத்தில் மடிந்து பின்தங்குகிறது. சொக்லேட் வேண்டாம், அம்மாவுக்குச் சீனி வருத்தம்.

கரண்ட் போய்விட்டது. மிச்சத்தை நாளைக்கு எழுதலாம் என்றால் நெல் ஏற்ற லொறி விடியவே வருகிறது. இப்படியே அனுப்புகிறேன்.

உன் கூட்டாளி