நர்சிங் டயக்னோசிஸ் வெறும் பேப்பர் வேலை இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நர்சிங் டயக்னோசிஸ், அதாவது பேஷன்ட்டுக்கு இப்ப என்ன கஷ்டம், எதனாலன்னு நர்ஸே பாத்து கண்டுபிடிச்சு எழுதறது, அதுன்னாலே ஸ்டூடன்ட்ஸ் மார்க்குக்காக புக்க பாத்து காப்பி பண்றாங்க, சீனியர்ஸும் இதுக்கெல்லாம் ஏது டைம்னு சொல்லிடறாங்க, மனசு கஷ்டமா இருக்கு. டாக்டர் நிமோனியான்னு எழுதுவார், ஆனா சளிய வெளிய தள்ள முடியாம பேஷன்ட் திணறுறத பக்கத்துலயே இருந்து பாக்குறது நாமதானே, நிமித்தி உக்கார வெச்சு, இரும சொல்லிக்குடுத்து, மூச்ச எண்ணி பாக்குறது எல்லாம் அதுலேருந்துதான் வருது. 1973ல அமெரிக்காவுல நர்ஸுங்களே கூடி பேஷன்ட்டோட இந்த மாதிரி கஷ்டங்களுக்கெல்லாம் பேர் வெச்சு வரிசைப்படுத்த ஆரம்பிச்சாங்க. அந்த வார்த்தைங்க கொஞ்சம் கரடுமுரடுதான், ஒத்துக்கறேன். ஆனா டீச்சர்ஸ் புக்க மூடிட்டு, ஸ்டூடன்ட்ட பெட் பக்கத்துல நிக்க வெச்சு, இவருக்கு இப்ப என்ன கஷ்டம், எதனால, எத வெச்சு சொல்றன்னு கேக்கணும், நாமளும் ஷிப்ட் மாறும்போது அதையே பேசணும்.

இப்படிக்கு,
வார்டுல வேலை பாக்குற ஒரு நர்ஸ்