பினாங்கில் காருக்கு ஹீட்டர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் பழைய போர்ஷே 911-இன் ஹீட்டரைச் சரிசெய்கிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள், பினாங்கு வெயிலில் அது எதற்கு என்று. மழையில் கேமரன் மலை ஏறிப் பாருங்கள், உள்ளே ஆவி படியும் கண்ணாடியைத் துடைத்தே கை ஓய்ந்துவிடும்.

சரி, பெரிய விஷயம் வேறு. காற்றால் குளிரும் இந்த இன்ஜினில் ஹீட்டருக்குச் சூடு தர ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. புகைக்குழாயைச் சுற்றியுள்ள தகரக் கூட்டுக்குள் விசிறிக் காற்று ஓடிச் சூடேறித்தான் காருக்குள் வருகிறது. குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் கூடவே வரும், நிறமும் இல்லை மணமும் இல்லை. முன்பு பார்த்த பட்டறைக்காரர் வெளித்தகரத்துக்கு மட்டும் வெல்டிங் வைத்து, கறுப்புச் சாயம் அடித்துக் கொடுத்துவிட்டார். கழற்றினால் உள்குழாய் சல்லடை! நான் ஹீட்டரே போடுவதில்லை என்பவர்களுக்கு: ஹீட்டர் காற்றைத் தடுக்கும் அடைப்பு மூடி சரியாக மூடாவிட்டால், போடாமலேயே அந்தக் காற்று உள்ளே வரும்.

வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு